கம்ப்யூட்டர் வந்ததும் காணாமல் போகும் நடை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதைக் கவனித்துக் கொள்ளும் அழகே தனி. தூசி படாமல் உறை, மின்சாரம் போனால் தாங்க யு.பி.எஸ்., வைரஸ் நுழையாமல் இருக்க ஆன்ட்டி வைரஸ் என ஒன்று விடாமல் ஏற்பாடு செய்து விடுகிறோம். சரி, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் இதயத்திற்கு என்ன ஏற்பாடு? இந்தக் கட்டுரையில் அதைப் பார்ப்போம். நான் டாக்டர் அல்ல. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் சாப்ட்வேர் இன்ஜினியர். எனவே இதில் எனக்கும் சொந்த அக்கறை உண்டு.

என் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு முன்பெல்லாம் கரண்ட் பில் கட்ட ஈ.பி. ஆபீசுக்கு நடந்து போவார். பாஸ்புக் பதிய பேங்குக்கு ஒரு நடை, ரயில் டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்கு ஒரு நடை. போகிற வழியில் தெரிந்தவர் யாராவது அகப்பட்டால் அரை மணி நேரம் நின்றபடியே பேச்சு. இப்போது இத்தனையும் மவுஸ் கிளிக்கில் முடிந்து விடுகின்றன. மிச்சமான நேரமும் அதே நாற்காலியில்தான் கழிகிறது. அவர் உடற்பயிற்சி எதையும் நிறுத்தவில்லை. அவருக்கு எப்போதுமே அந்தப் பழக்கம் கிடையாது. நின்று போனது அந்தச் சின்னச் சின்ன நடைகள்தான்.

கடைக்கும் பேங்குக்கும் நடப்பதால் இதயத்திற்கு என்ன பெரிய லாபம் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கான பதில் முதலில் கிடைத்தது லண்டன் மாநகர பஸ்களில். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் அங்குள்ள டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, 1953ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் தன் ஆய்வை வெளியிட்டார். இருவரும் ஒரே நிறுவனம், ஒரே பஸ். டிரைவர் நாள் முழுக்க இருக்கையில் இருப்பார். கண்டக்டரோ இரட்டை மாடி பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக, தினமும் 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். மாரடைப்பு டிரைவர்களிடம் அதிகமாகவும், கண்டக்டர்களிடம் குறைவாகவும் இருந்தது. தபால் துறையிலும் இதே கதைதான். நடந்தும் சைக்கிளிலும் போய்க் கடிதம் கொடுத்த தபால்காரர்களுக்கு, உட்கார்ந்து வேலை பார்த்த கிளார்க்குகளை விட இதய நோய் குறைவு.

மாரிஸ் அத்துடன் விடவில்லை. டிரைவர்கள் முதலிலேயே குண்டானவர்களாக இருந்தால்? அதைப் பார்க்க, நிறுவனம் தைத்துக் கொடுத்த யூனிபார்ம்களின் இடுப்பளவைத் தேடி எடுத்தார். டிரைவர்களின் இடுப்பு வேலையில் சேரும்போதே சற்றுப் பெரிதாகத்தான் இருந்திருக்கிறது. எனவே எல்லாப் பழியையும் இருக்கை மீது போட முடியாது. ஆனால் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் உடல் அசைவு இதயத்திற்கு நல்லது என்றே காட்டின. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

உட்கார்ந்தே இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது? இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. கால் வரை இறங்கிய ரத்தம் மேலே ஏறித் திரும்பி வர வேண்டுமே! அதற்கு உதவுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி ரத்தக் குழாயைப் பிழிந்து, ரத்தத்தை மேலே அனுப்புகிறது. அசையாமல் உட்கார்ந்தால் இந்த பம்ப் வேலை செய்யாது. நியூஸிலாந்தில் ஒரு நாளில் 18 மணி நேரம் வரை கம்ப்யூட்டர் முன் இருந்த 32 வயது இளைஞருக்குக் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தானதை 2003இல் அந்நாட்டு டாக்டர்கள் பதிவு செய்தனர். இது அரிது, பயப்பட வேண்டாம். ஆனால் நடையே இல்லாத நாட்கள் வருடக் கணக்கில் தொடர்ந்தால் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய மூன்றும் ஏற வழி பிறக்கிறது. அது அரிதல்ல.

அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருக்கக் கம்ப்யூட்டரையே பயன்படுத்தலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கடிகாரத்திற்கான புரோகிராம் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் கிளாக் என்று டைப் செய்து திறந்து, டைமர் பிரிவில் 30 நிமிடம் என அமைத்து ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலையில் இருந்தால் மட்டும் ஒலிக்காது. என்னைக் கேட்டால் இதை விட நல்ல வழி, மொபைலில் அலாரம் வைத்து அதைச் சமையலறை அலமாரியில் வைப்பது. நிறுத்துவதற்காகவாவது எழுந்து போய்த்தானே ஆக வேண்டும்? ஆனாலும் வாரத்திற்கு 150 நிமிடம் சற்று வேகமான நடை தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையலறை வரை போய் வருவது அந்தக் கணக்கில் சேராது. எனவே பால், காய்கறிக்காவது வண்டியை எடுக்காமல் நடந்து போங்கள்.

கீபோர்டு பக்கத்தில் மிக்சர் டப்பா வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். சாம்பார், ரசம், ஊறுகாயிலேயே அதில் பெரும்பகுதி போய் விடும். சிகரெட் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது ரத்த அழுத்தம். ஹார்ட் டிஸ்க் கெடும் முன் சத்தம் கொடுக்கலாம், எர்ரர் மெசேஜ் காட்டலாம். ரத்த அழுத்தம் பெரும்பாலும் அப்படி எதையும் காட்டாது. எங்கள் ஆபீசில் நடந்த இலவச முகாமில் 31 வயது நண்பர் ஒருவருக்கு 150/96 வந்தது. அன்று வரை அவருக்குத் தலைவலி கூட இருந்ததில்லை. மெஷின் தப்பு என்றுதான் முதலில் சிரித்தோம். ஒரு வாரம் வீட்டில் அளந்த பிறகும் அதே நிலைதான். இப்போது சிகிச்சையில் இருக்கிறார்.

கையில் மாட்டும் டிஜிட்டல் மீட்டர் வீட்டில் இருந்தால் இப்படி அளவிடுங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, சிகரெட் கூடாது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, 5 நிமிடம் பேசாமல் அமருங்கள். கை இதயத்தின் உயரத்தில் மேஜை மீது இருக்கட்டும். காலை, மாலை இரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை வீதம் 7 நாட்கள் அளந்து எக்செல்லில் குறித்து வாருங்கள். மேல் எண்ணுக்கு ஒரு வரிசை, கீழ் எண்ணுக்கு ஒரு வரிசை. முதல் நாளின் எண்களை விட்டு விட்டு, மற்றவற்றைத் தேர்வு செய்து, ஆட்டோசம் பட்டனை ஒட்டியுள்ள சிறு அம்புக்குறியைக் கிளிக் செய்து ஆவரேஜ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த ஷீட்டை பிரின்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். எக்செல் பழக இது நல்ல முதல் பாடமும் கூட!

கடைசியாக ஒன்று. நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே கூகுளில் தேட உட்கார்ந்து விடாதீர்கள். நம் வீடுகளில் இதை வாயு என்று சொல்லி, சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக் காத்திருக்கும் வழக்கம் இருக்கிறது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குதல், களைப்பு மட்டும் வரலாம். நீங்களே வண்டி ஓட்டிக் கொண்டு போகாமல் 108ஐ அழையுங்கள். இந்த எண்ணையும் உங்கள் டாக்டர் எண்ணையும் ஒரு சீட்டில் பெரிதாக எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். வீட்டில் உள்ள சிறுவர்களுக்கும் அதைக் காட்டி வையுங்கள்.