ஓவிய ஓடுகளுக்கு எது காவல்?

போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் தேவாலயங்களின் உட்சுவர்களிலும் வீட்டு முகப்புகளிலும் பதிக்கப்பட்டுள்ள ‘அசுலேஜு’ எனப்படும் ஓவிய ஓடுகள், தலைமுறைகள் பல கடந்தும் நிறம் வெளுக்காமல் இருப்பதற்குக் காரணம், சூளையின் வெப்பத்தில் அவற்றின் ஓவியம் மெருகோடு உருகி ஒன்றாகிவிட்டமையே ஆகும். மெருகு என்பது சுடும்போது உருகிக் கண்ணாடிப் படலமாக இறுகும் பூச்சு.

இத்தகைய ஓடுகளில் ஓவியம் தீட்டும் மயோலிக்கா முறையில், ஒருமுறை சுட்ட ஓட்டை ஈயமும் வெள்ளீய ஆக்சைடும் கலந்த மெருகுக் குழம்பில் தோய்த்து உலர்த்தி, மாவு படிந்தாற்போன்ற அந்த வெண்பரப்பின் மீது வரைவர். தூரிகை பட்ட மாத்திரத்தில் ஈரம் உறிஞ்சப்படுவதால், இட்ட கோட்டை அழித்துத் திருத்த வழியில்லை. நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, ஊதாவுக்கு மாங்கனீசு, மஞ்சளுக்கு ஆன்டிமனி என்று உலோகச் சேர்மங்களே இங்கு வண்ணங்கள். ஏறத்தாழ 1000 பாகை செல்சியசில் மறுமுறை சுடும்போது அவை மெருகுக்குள் அமிழ்ந்துவிடுகின்றன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரக் கைவினைஞர்களோ, தட்டுகளிலும் சாடிகளிலும் வரைந்த ஓவியத்தின் மேல் ‘க்வார்ட்’ என்னும் நிறமற்ற ஈய மெருகையும் தெளித்துச் சுட்டனர்.

கடையில் வாங்கிய மெருகிட்ட டைல்ஸ் மீது அக்ரிலிக் வண்ணத்தால் தீட்டப்படும் ஓவியத்துக்கு இந்த உறுதி கிடையாது. அது மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதேயன்றி உள்ளே இறங்குவதில்லை. எண்ணெய்ப்பசை போகத் துடைத்தபின் வரைந்து, நன்கு உலரவிட்டு, வார்னிஷை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால், சுவரில் அழகுக்கு மாட்டும் ஓட்டுக்கு அது போதும். தண்ணீர் புழங்கும் தரைக்கும் அடுப்படிக்கும் போதாது. வீட்டு அவனில் 150 பாகை அளவில் இறுகும் பீங்கான் வண்ணங்கள் சற்றே மேலானவை என்றாலும், சூளையில் 700 முதல் 850 பாகை வரை சுடப்படும் மேல்மெருகு வண்ணங்களுக்கு ஈடாகா. டைல்ஸ் இடுக்குகளுக்கென விற்கப்படும் சீலர், நுண்துளையுள்ள பரப்பில் ஊறிக் காப்பதாகையால், நுண்துளையற்ற மெருகின் மேல் அதைத் தடவுவது வீண்செலவு.

மெருகுக்குள் உறைந்த ஓவியத்துக்கும் பகை உண்டு. அது வருவது பின்புறத்திலிருந்து. சுவர் உறிஞ்சும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு ஓட்டின் மண்ணுடலில் ஏறுகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் அந்த உப்பு படிகமாகி வளர்ந்து, மெருகை அடியிலிருந்து நெம்பி, ஓவியத்தோடு சேர்த்துச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடுகிறது. இந்நிலையில் முகப்பில் பூசப்படும் ஈரம் புகாப் படலம், ஆவி வெளியேறும் வழியை அடைத்துக் கேட்டை மிகுவிக்கும். பழைய சுண்ணாம்புச் சாந்தைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்டால் பதிப்பதும் அத்தகைய தவறே. பழுதுபார்ப்போர் கழற்றிய ஓடுகளை நன்னீரில் பலமுறை ஊறவைத்து உப்பை வெளியேற்றுவதும், பெயரும் மெருகை அசிட்டோனில் மீளக் கரையக்கூடிய ‘பாரலாய்டு பி-72’ என்னும் அக்ரிலிக் பிசினால் நிலைநிறுத்துவதும் இதனை உணர்ந்தே. ஓவிய ஓடு பதித்த பழஞ்சுவரை உடையோர், வார்னிஷ் வாங்கும் முன் சுவரின் நீர்க்கசிவை அடைத்துவிட வேண்டும்.