ஃபிட்டர் வகுப்பில் பெண்கள்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். வழியெல்லாம் கார், செல்போன் ஆலைகள். போன் அசெம்பிளி லைனில் பெரும்பாலும் இளம்பெண்கள்தான். லேத், வெல்டிங் பக்கம் போனால் பெண் முகம் அரிது.

இந்தப் பிரிவினை ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலைய) விண்ணப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. பெண் என்றால் தையல் அல்லது கம்ப்யூட்டர், பையன் என்றால் ஃபிட்டர், டர்னர் என்று வீட்டில் முன்பே முடிவாகிவிடும். வைஸில் இரும்பைப் பிடித்து, அரத்தால் இழைத்து, வெர்னியரில் அளவு பார்ப்பதற்கு வேண்டியது கைப்பழக்கமும் பொறுமையும். இதில் ஆண் என்ன, பெண் என்ன?

அரசு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. தமிழக ஐடிஐகளில் ஆண்களுக்கு 40 வயது வரம்பு உண்டு, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. அரசு ஐடிஐயில் படிப்புக் கட்டணமும் கிடையாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐடிஐ, பாலிடெக்னிக் சேரும் மாணவிகளுக்கும் மாதம் 1,000 ரூபாய் தருகிறது.

பணம் மட்டும் போதாது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் செல்போன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அதன் பிறகு, 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. மகளை ஃபிட்டர் படிக்க அனுப்ப யோசிக்கும் பெற்றோர், சம்பளத்துக்கு முன்னால் விசாரிப்பது தங்குமிடத்தையும் இரவு ஷிப்டு பேருந்தையும்தான்.