சிப்பிக்குள் நஞ்சு: 104 மணி நேரத் தேடல்

1987 நவம்பர் கடைசியில் கனடாவில் சிப்பி சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வந்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கியது, சிலருக்குக் குழப்பம், வலிப்பு வரை போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிதாக எதையுமே நினைவில் நிறுத்த முடியாமல் போனது. அந்தச் சிப்பிகள் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் கிழக்கே வளர்க்கப்பட்டவை.

சிப்பிச் சாற்றைச் சுண்டெலிக்கு ஊசியில் ஏற்றிப் பார்ப்பதுதான் அன்றைய வழக்கமான சோதனை. எலிகள் செத்தன. ஆனால் ஏற்கெனவே தெரிந்த பாசி நஞ்சுகளில் காணாத ஒரு குறி இருந்தது: சாகும் முன் பின்னங்காலால் தோளை விடாமல் சொறிந்தன. இது வேறு நஞ்சு என்று அப்போதே புரிந்தது. என்ன நஞ்சு என்பதை எலி சொல்லாது.

ஹாலிஃபாக்ஸில் இருந்த தேசிய ஆராய்ச்சிக் கழக ஆய்வகத்தார் சாற்றைக் கூறு கூறாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கூறையும் எலியில் சோதித்து, கொல்லாததை ஒதுக்கி, கொல்வதை மேலும் பிரித்தார்கள். 104 மணி நேரத்தில் விடை கிடைத்தது: டோமோயிக் அமிலம். ஜப்பானில் ஒரு செம்பாசியிலிருந்து எடுத்து, குடற்புழுவுக்கு மருந்தாகக் கொடுத்த அதே பொருள்! மருந்துக்குக் கொடுத்தது மிகச் சிறிய அளவு; கனடாச் சிப்பிகளில் இருந்ததோ மிக அதிகம். அந்த அளவில் அது மூளையின் நரம்பணுக்களை ஓயாமல் தூண்டிச் சாகடிக்கிறது. சிப்பிகளின் குடலில் நிறைந்திருந்த நுண்பாசிதான் அதைச் சுரந்தது.

இன்று எலிக்குப் பதிலாக, வேதிப் பிரிப்புக் கருவியும் நிறைநிரல்மானியும் சிப்பிகளில் டோமோயிக் அமிலத்தை அளக்கின்றன. ஒரு கிலோ சதையில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்பனை கூடாது. கடல்நீரில் நஞ்சு மிகவும் நீர்த்துக் கிடப்பதால், அதை உறிஞ்சும் பிசின் பைகளைச் சில நாள் தண்ணீரில் தொங்கவிட்டுச் சோதிப்பதும் உண்டு. நுண்ணோக்கியில் பாசியை எண்ணினால் மட்டும் போதாது. ஒரே இனம் ஒரு சமயம் நஞ்சு சுரக்கும், இன்னொரு சமயம் சுரக்காது.

கருவி துல்லியமானது, எலிகளையும் காப்பாற்றுகிறது. ஆனால் தேடச் சொன்னதைத்தான் அது தேடும். பழைய நஞ்சுகளுக்கான கருவி மட்டுமே 1987இல் இருந்திருந்தால், அந்தச் சிப்பிகளுக்கு நற்சான்று கிடைத்திருக்கும். அதனால் புதிய நஞ்சைத் தேடும் ஆய்வுக்கும் அரசுகள் தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டும்.

சிப்பி எடுக்கத் தடை அறிவித்த கடற்கரையில் எடுத்துச் சமைக்காதீர்கள். இந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. நிறத்திலோ மணத்திலோ சுவையிலோ தெரியவும் தெரியாது.