கடைசி சைக்கிளுக்குப் பின்னால்

குழந்தைகளின் இருதய அறுவை சிகிச்சைக்கு நிதி திரட்ட, எங்கள் காலனி இளைஞர்கள் மும்பையிலிருந்து புனேவுக்குச் சைக்கிளில் போனார்கள். என் முழங்கால் அதற்கெல்லாம் இடம் கொடுக்காது. துணை வண்டியில் ஏறிக்கொண்டேன். வாழைப்பழம் கொடுக்கும் வேலைதானே என்ற நினைப்பு!

விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பன்வேல், கோபோலி வழியே பழைய சாலைதான். கடைசி சைக்கிளுக்குப் பின்னால், விளக்கைச் சிமிட்டியபடி எங்கள் டெம்போ ஊர்ந்தது. பின்னால் வரும் லாரிகளுக்கு நாங்கள்தான் தடுப்புச் சுவர்.

கோபோலியைத் தாண்டினால் போர்காட் ஏற்றம். லோனாவலா சுமார் 620 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைப்பாதைக்கு வழிகாட்டியதாகச் சொல்லப்படும் இடையர் சிங்ரோபாவின் கோயிலருகே, கடைசியாக வந்த கல்லூரிப் பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாந்தி வேறு. நான் தண்ணீர் பாட்டிலுடன் ஓடினேன்.

"போதும் சார், காலையிலிருந்து வெறும் தண்ணியா கொடுத்தீங்க?" என்று தடுத்தார் உடன் வந்த டாக்டர். வியர்வையில் உப்பும் போகிறதாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகுமாம். ஒரு லிட்டருக்கு ஒன்று என்று கலக்க வேண்டிய உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள், என் காலடிப் பெட்டியிலேயே பிரிக்காமல் கிடந்தன.

சற்றுத் தேறியதும் அவள் சைக்கிளைத் தேடினாள். டாக்டர் விடவில்லை. "பணம் கொடுத்தவங்ககிட்ட என்ன அங்கிள் சொல்வேன்?" என்று அழுதாள். சைக்கிளை டெம்போவின் மேல் கட்டினோம்.

லோனாவலாவில் பொட்டலங்களைப் பிரித்து, லிட்டர் பார்த்துக் கலந்தேன். கேட்காமலே வந்து டம்ளர்களை வரிசையாக வைத்தாள் அவள்.