மாட் ரிட்லியும் காலநிலை மாற்ற ஐயுறவும்

மாட் ரிட்லி எனப் பரவலாக அறியப்படும் மத்தேயு வைட் ரிட்லி, 5ஆம் ரிட்லி வைகவுண்ட் (பிறப்பு: பெப்ரவரி 7, 1958) ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த அறிவியல் எழுத்தாளரும் நிலக்கிழாரும் கன்சர்வேடிவ் கட்சி அரசியல்வாதியும் ஆவார். புவி சூடாதலால் பெருந்தீங்கு விளையும் என்ற கருத்தை மறுத்து எழுதுபவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர். இவரது குடும்பத்தின் நிலத்தில் நிலக்கரி வெட்டப்பட்டு வந்தமையால், இவரது கருத்துகளுக்கும் வருமானத்துக்கும் இடையேயான தொடர்பு நீண்ட விவாதத்துக்கு உள்ளானது.

பின்னணி

ரிட்லி குடும்பத்தின் பிளாக்டன் பண்ணை இங்கிலாந்தின் வடகிழக்கில் நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் அமைந்துள்ளது. நிலக்கரி வணிகம் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இக்குடும்பத்தின் செல்வத்துக்கு ஓர் அடிப்படையாக விளங்கியது. இவரது சிற்றப்பா நிக்கலஸ் ரிட்லி மார்கரெட் தாட்சர் அரசில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர். இவரது சகோதரியின் கணவர் ஓவன் பாட்டர்சன் 2012 முதல் 2014 வரை அதே துறைக்கு அமைச்சராக இருந்தார்.

ரிட்லி ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 'தி எக்கனாமிஸ்ட்' இதழில் பணியாற்றிய பின்னர், மரபியல், படிவளர்ச்சி ஆகியவை பற்றிய நூல்களால் புகழ் பெற்றார். 2004 முதல் 2007 வரை நார்தர்ன் ராக் வங்கியின் தலைவராக இருந்தார். அவ்வங்கி நெருக்கடிக்கு உள்ளானதைத் தொடர்ந்து 2007 அக்டோபரில் பதவி விலகினார்.

2012 இல் தந்தை இறந்தபின் வைகவுண்ட் பட்டம் இவருக்கு வந்தது. 1999 ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களுள் 92 பேரை மட்டுமே பிரபுக்கள் அவையில் விட்டுவைத்தது. அவ்விடங்களுள் ஒன்று காலியானபோது, பொதுமக்கள் வாக்களிக்காத இடைத்தேர்தல் ஒன்றின் மூலம் 2013 பெப்ரவரியில் இவர் உறுப்பினரானார். 2021 டிசம்பரில் அவையிலிருந்து ஓய்வு பெற்றார்.

கருத்துகள்

கரியமில வாயு புவியைச் சூடாக்குகிறது என்பதை ரிட்லி மறுக்கவில்லை. சூடாதல் மெதுவாகவும் மிதமாகவும் இருக்கும் என்பதும், அதைத் தடுக்க எடுக்கும் நடவடிக்கைகளே ஏழைகளுக்குக் கூடுதல் கேடு தரும் என்பதும் இவரது வாதம். இந்நிலைப்பாடு உடையோர் 'லூக்வார்மர்' (வெதுவெதுப்பாளர்) எனப்படுகின்றனர்.

இவ்வாதத்தின் மையம் 'காலநிலை உணர்திறன்' ஆகும். வளிமண்டலத்தில் கரியமில வாயுவின் அளவு இரட்டித்தால் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பதை இது குறிக்கும். ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2013 இல் இதனை 1.5 முதல் 4.5 பாகை செல்சியசு என மதிப்பிட்டது. உண்மை அளவு இவ்வீச்சின் கீழ் எல்லையை ஒட்டியது என்பது ரிட்லியின் கருத்து. ஆயினும் அதே குழு 2021 இல் வீச்சை 2.5 முதல் 4 பாகை எனச் சுருக்கி, 3 பாகையைச் சிறந்த மதிப்பீடாகக் கொண்டது. அதாவது, ரிட்லி சார்ந்து நின்ற கீழ் எல்லையே மேலே நகர்ந்தது.

கரியமில வாயு கூடுவதால் உலகில் பசுமை பெருகுகிறது என்பது இவரது மற்றொரு வாதம். இவ்விளைவு உண்மையானதே. செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2016 இல் வெளியான ஆய்வொன்றும் அதனை உறுதிசெய்தது. எனினும், தாவரங்கள் பழகிப்போவதால் இவ்விளைவு காலப்போக்கில் குறையும் என்று அவ்வாய்வுக் குழுவினர் சுட்டிக்காட்டினர்.

அமைப்புசார் தொடர்புகள்

முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லோசன் 2009 இல் தொடங்கிய புவி சூடாதல் கொள்கை அறக்கட்டளையின் கல்வி ஆலோசனைக் குழுவில் ரிட்லி இடம்பெற்றார். களிப்பாறை எரிவளி பற்றிய இவரது அறிக்கையை அவ்வமைப்பு 2011 இல் வெளியிட்டது. 2016 இல் அதன் ஆண்டுச் சொற்பொழிவையும் இவர் நிகழ்த்தினார். 2014 இல் அதே சொற்பொழிவை நிகழ்த்திய பாட்டர்சன், 2008 ஆம் ஆண்டுக் காலநிலை மாற்றச் சட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும் எனக் கோரியிருந்தார்.

நிலக்கரி வருமானம்

பிளாக்டன் பண்ணை நிலத்தில் ஷாட்டன், பிரெங்க்லி லேன் என்னும் திறந்தவெளிச் சுரங்கங்களை பேங்க்ஸ் நிறுவனம் நடத்தியது. பிரித்தானியாவில் நிலத்தடி நிலக்கரியின் உரிமை 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அரசுக்குச் சென்றுவிட்டது. எனவே நிலக்கிழார் நிலக்கரியை விற்பதில்லை. தம் நிலத்தின் வழியே அதனை எடுக்க இடமளிப்பதற்கு வழியுரிமைக் கட்டணம் பெறுகிறார். ரிட்லியின் வருமானம் இவ்வகையினதாக இருந்தது.

ஷாட்டன் சுரங்கத்திலிருந்து அகற்றிய மண்ணையும் பாறையையும் கொண்டு, சார்லஸ் ஜெங்க்ஸ் வடிவமைத்த 'நார்தம்பர்லாந்தியா' என்னும் படுத்திருக்கும் பெண்ணுருவம் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 15 இலட்சம் தொன் மண்ணும் பாறையும் கொண்டு 34 மீட்டர் உயரத்துக்கு எழுப்பப்பட்ட இவ்வுருவம் 2012 இல் திறக்கப்பட்டது. 2015 அக்டோபரில் சூழல் செயற்பாட்டாளர்கள் ஷாட்டன் சுரங்கத்தினுள் நுழைந்து பணிகளைத் தடுத்தனர்.

காற்றாலைகளை ரிட்லி கடுமையாக எதிர்ப்பவர். குடும்ப அறக்கட்டளைக்குக் காற்றாலை ஒன்றின் வழியாகக் கிடைக்கும் ஆண்டுக்கு 8,500 பவுண்டு தொகையை, சுற்றுச்சூழல் பற்றிய பொதுக்கருத்தை எதிர்க்கும் கட்டுரைக்குப் பரிசாக 2012 இல் அறிவித்தார்.

விமர்சனமும் மறுமொழியும்

நிலக்கரியால் பயனடைபவர் அதன் தீங்கைக் குறைத்துக் காட்டுகிறார் என்பது விமர்சகர்களின் குற்றச்சாட்டு. தமது நிலக்கரி வருமானத்தைத் தாம் மறைத்ததில்லை என்றும், நிலக்கரிக்குப் போட்டியான எரிவளியையே தாம் ஆதரித்து வந்துள்ளதாகவும் ரிட்லி விடையளித்துள்ளார். எனினும், அப்போது எரிவளித் துறைக்குக் கருவிகள் வழங்கிவந்த வீர் குழுமத்தில் தமக்கிருந்த பங்குகளை அவை விவாதத்தின்போது குறிப்பிடாதது நடத்தை நெறிமீறல் என்று பிரபுக்கள் அவையின் நெறிமுறை ஆணையர் 2014 இல் முடிவுசெய்தார்.

வருமானத்தை வெளிப்படுத்துவது, கூறுபவரின் சார்பு நிலையை வாசகர் எடைபோட உதவுகிறது. கூற்று சரியா தவறா என்பதை அது தீர்ப்பதில்லை. அதனைத் தீர்ப்பவை அளவீடுகளே. காலநிலை உணர்திறன் பற்றிய மதிப்பீடுகளில் அவை ரிட்லியின் எதிர்பார்ப்புக்கு ஆதரவாக அமையவில்லை. பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது.