மூன்று சூல்தண்டுகள் வளையும் நேரம்

கிருஷ்ண கமலம் என்று நர்சரிகளில் விற்கிறார்களே, அந்தக் கொடியின் பூவை விரிந்தவுடன் ஒருமுறை பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாருங்கள். முதலில், நடுக்கம்பத்தின் உச்சியில் மூன்று சூல்தண்டுகள் மேல்நோக்கி நிற்கும். அவற்றுக்குக் கீழே ஐந்து மகரந்தப்பைகள் கவிழ்ந்து தொங்கும். பிறகு சூல்தண்டுகள் மெல்ல வளைந்து மகரந்தப்பைகளின் மட்டத்துக்கே இறங்கிவிடும். தேனுக்காகச் சுற்றிவரும் கரிய தச்சுத் தேனீயின் முதுகில் இரண்டும் உரசுகிற உயரம் அது.

இந்தக் கொடி சேர்ந்த பாசிஃப்ளோரா பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. பலவற்றின் பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். அதற்குள் தேனீயின் வேலையைக் கலப்பினம் உண்டாக்குபவர் செய்து முடிக்க வேண்டும். மகரந்தப்பைகள் வெடிக்கும் முன்பே ஐந்தையும் நறுக்கி எடுத்துவிட்டு, வேறோர் இனத்தின் மகரந்தத்தை மூன்று சூல்முடிகளிலும் தடவி, துணிப்பை மூடி, சீட்டு கட்ட வேண்டும். நடுவில் தூறல் போட்டால் அவ்வளவுதான். தண்ணீர் பட்ட மகரந்தத்துகள் ஊதி வெடித்துவிடும்.

பதிவான முதல் கலப்பினம் இங்கிலாந்தில் 1819 வாக்கில் உருவானது. சிவப்புப் பூ பூக்கும் பிரேசில் நாட்டு ரசிமோசா இனத்தையும் நீலமும் வெள்ளையுமான செருலியாவையும் சேர்த்தார்கள். ஊதாப் பூ வந்தது. இருநூறு ஆண்டுகள் ஆகியும் அந்தக் கொடி தோட்டங்களில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் இப்படிச் சம்பந்தம் அமையாது. செருலியா சேர்ந்த பெரும்பூக் கூட்டத்தின் மகரந்தத்தில் பொதுவாக 9 குரோமோசோம்கள். டெகலோபா என்ற சிறுபூக் கூட்டத்தில் 6. இவ்விரண்டையும் கலக்க நினைப்பது பெரும்பாலும் வீண் உழைப்பு.

கலந்து பிறந்த செடியிலும் ஒரு விசித்திரம். பூக்கும் தாவரங்களில் இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகங்கள் வழக்கமாகத் தாய்வழியே வரும். இங்கே இனம் விட்டு இனம் கலக்கும்போது அவை பல நேரம் மகரந்தத்தின் வழியே, அதாவது தந்தையிடமிருந்து வருகின்றன.

'இன்சென்ஸ்' கலப்பினத்தின் கதையும் சுவையானது. குளிர் தாங்கும் பழக்கொடி வேண்டுமென்று அமெரிக்க வேளாண் துறையினர் மயாமியில் இன்கார்னேட்டா, சின்சினாட்டா என்ற இரண்டு இனங்களைச் சேர்த்துப் பார்த்ததில் பிறந்தது. பேர் வாங்கியது என்னவோ மணக்கும் ஊதாப் பூதான்.

பூவோடு விதையும் வேண்டுவோர் ஒன்று கவனிக்க வேண்டும். பல இனங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒரே கொடியில் வெட்டிய துண்டுகளைப் பத்து வீடுகளில் நட்டாலும் மரபுப்படி அவை ஒரே செடிதான். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் பலிக்காது. காய் பிடிக்க, வேறொரு விதையில் முளைத்த கொடி பக்கத்தில் பூத்திருக்க வேண்டும்.