பந்து வீசும் பிள்ளையின் தோள்வலி



"என்னங்க, பாப்பா தலை பின்னிக்கிறப்ப வலது கையைத் தூக்கவே மாட்டேங்கறா. கேட்டா ஒண்ணுமில்லங்கறா."

"மேட்ச் வருதில்ல, அதான். எண்ணெய் போட்டு நல்லா நீவி விடு. சரியாப் போயிடும்."

பள்ளியில் சாஃப்ட்பால் ஆடும் பெண் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு பேச்சு எழலாம். பிள்ளை ஏன் வலியை மறைக்கிறாள்? சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள், அல்லது "ஆட்டமே வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிடுவார் என்ற பயம்தான். இந்தப் பயத்தைப் போக்க வேண்டியது பெற்றோரின் முதல் வேலை.

வலி ஏன் வருகிறது?

சாஃப்ட்பால் 1887-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்த ஆட்டம். இதில் பந்து வீசுகிறவர் கையைக் காற்றாடி போல ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து வீசுகிறார். "கீழ்க்கை வீச்சுதானே, தோளுக்குக் கெடுதல் இல்லை" என்று வெகுகாலம் நம்பினார்கள். அது சரியல்ல. இந்த வீச்சில் தோளின் முன்பக்கத் தசைநார் மிகவும் இழுபடுகிறது. கிணற்றுக் கயிறு ஒரே இடத்தில் உரசி உரசி நைந்து போகிறதல்லவா? அதைப் போலத்தான் இதுவும். ஒரு நாளில் வருவதல்ல. ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப வீசுவதால் வருவது.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள் பக்கத்து நுனியில்தான் நடக்கிறது. அங்கே குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. அது முற்றி எலும்பாகும் வரை பலம் குறைந்தது. அளவுக்கு மீறி வீசினால் அந்தத் தட்டு பாதிக்கப்படும். 11 முதல் 16 வயதுப் பிள்ளைகள் இதில் முக்கியமாகக் கவனிக்கப்பட வேண்டியவர்கள்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பான் வீராங்கனை யுகிகோ உவெனோ இரண்டே நாளில் 413 பந்துகள் வீசி, தம் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். அப்போது அவருக்கு வயது 26. எலும்பு முற்றியவர், பல்லாண்டுப் பயிற்சி உள்ளவர். அதைப் பார்த்து 13 வயதுப் பெண்ணை ஒரே போட்டித் தொடரில் எல்லா ஆட்டத்திலும் வீச வைக்கலாமா? கூடாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. வீசும்போதோ, வீசிய பிறகோ தோளின் முன்பக்கம் அல்லது மேல்கையில் வலி.
2. பந்தின் வேகம் குறைதல், குறி தவறுதல்.
3. தலை வாரவும், சட்டை போடவும் கை தூக்க முடியாமை.
4. இரவில் வலி, விரல்களில் மரமரப்பு, வீக்கம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் வீசுவதை நிறுத்துங்கள். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். அழுத்தி உருவுவது, கையைப் பிடித்து இழுத்துச் சொடுக்குவது கூடவே கூடாது. வலி மாத்திரை கொடுத்து ஆட அனுப்புவதும் தவறு. வலி மறையும், புண் வளரும்.

வீட்டு வேலையிலும் அந்தக் கைக்கு ஓய்வு வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்குவது, அடிபம்பு அடிப்பது போன்ற வேலைகளை அண்ணன் தம்பிகள் செய்யட்டும்.

சில நாள் ஓய்விலும் வலி போகவில்லை என்றாலும், இரவு வலி, மரமரப்பு, வீக்கம் இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையானால் அவர் எக்ஸ்ரே எடுக்க அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார். வளரும் தட்டு பாதித்திருந்தால் சுமார் 3 மாதம் வீசாமல் இருக்க நேரலாம். பயப்பட வேண்டாம். ஒழுங்காக ஓய்வு கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் நன்கு குணமாகி, மருத்துவர் சொல்லும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் ஆடுகிறார்கள்.

வராமல் காக்க

• வீசும் பந்துகளை எண்ணச் சொல்லுங்கள். பயிற்சியில் வீசுவதும் கணக்கில் சேரும்.
• அடுத்தடுத்த நாட்களில் தொடர்ந்து வீச வேண்டாம். அணியில் இரண்டு மூன்று பேரைப் பழக்கும்படி விளையாட்டு ஆசிரியரிடம் கேளுங்கள்.
• வீசுமுன் உடலைச் சூடேற்றும் பயிற்சி அவசியம். வேகம் காலிலும் இடுப்பிலும் பிறக்கிறது. அவற்றுக்கும் பயிற்சி தேவை.
• வருடத்தில் 2, 3 மாதமாவது பந்து வீச்சுக்கு விடுமுறை கொடுங்கள்.

தாயும் தந்தையும் இன்று மாலையே பிள்ளையை உட்கார வைத்துக் கேளுங்கள்: "கை வலிக்குதாம்மா? சொன்னா ஆட்டத்தை நிறுத்த மாட்டோம், வலியைத்தான் நிறுத்துவோம்."

இன்று தோளுக்கு ஓய்வு. நாளை பிள்ளைக்கு உயர்வு!